தூக்கிப் போடாத பந்து

வசந்தகுமார் இந்தியாவுக்கு ஆடத் தொடங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. விக்கெட் கீப்பர். மட்டையைப் பிடித்தால் நின்று நிதானிக்கிற ரகம் இல்லை. முதல் பந்தையே இறங்கி வந்து தூக்குவான். பட்டால் சிக்ஸர், படாவிட்டால் போல்டு. சேர்ந்தாற்போல ரெண்டு ஆட்டம் சொதப்பினால் ஒரகடம் கடைத்தெருவே திட்டும். அவன் அப்பா தணிகாசலம் தலை குனியாமல் அந்தத் தெருவழியே நடப்பார். "அடிக்கிறவன் அவுட் ஆவான். ஒளியிறவனா ஆவப் போறான்?" என்பார். நிலம் கம்பெனிக்குப் போன பிறகும் அந்த வீட்டின் சொல்லுக்கு ஊரில் மதிப்பு இருந்தது.

2003இல் வெளிநாட்டில் ஒரு டெஸ்ட். எதிரணிக்குக் கடைசி விக்கெட், வேண்டியதோ ஏழு ரன்தான். மட்டையில் உரசிய பந்தை வசந்த் இடப்பக்கம் பாய்ந்து எடுத்தான். அவன் முதுகு மறைத்ததால் டிவியில் எத்தனை முறை போட்டும் ஒன்றும் தெரியவில்லை. அம்பயர் விரலைத் தூக்கினார். இந்தியா ஜெயித்தது.

பின்கட்டில் வாடகைக்கு இருந்த திருநெல்வேலிப் பையன் பேச்சிராஜ் கூடத்தில் குதித்தான். "பெரியவரே, உங்க மவன் பாய்ஞ்சத பாத்தியளா! புலில்லா!"

தணிகாசலம் சிரிக்கவில்லை. ஏரிக்கரையில் ஆடிய காலத்திலிருந்தே, சுத்தமாகப் பிடித்தால் அவன் பந்தை வானத்துக்கு வீசிவிட்டுத்தான் கத்துவான். இன்று அதை வயிற்றோடு அணைத்து வைத்திருந்தான். பிறகு பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்துவிட்டுக் கையுறையைச் சரிசெய்தான்.

ஆடி மாதம் ஊருக்கு வந்தான். மாரியம்மன் திருவிழாவில் அவனுக்குப் பரிவட்டம் கட்டுவதாக விழாக்குழுத் தலைவர் ரகுபதி அறிவித்திருந்தார். தணிகாசலத்தின் தாத்தாவுக்குப் பிறகு அந்த வீட்டில் யாருக்கும் கிடைக்காத மரியாதை அது.

அன்று காலை கிணற்றடியில் தணிகாசலம் கேட்டார். "பந்து தரையில பட்டுதா?"

வசந்த் பல் துலக்குவதை நிறுத்தவில்லை. "அம்பயர் குடுத்துட்டாருப்பா."

"அம்பயர நான் கேக்கல."

வாயைக் கொப்பளித்தான். "பட்டுது. புடிச்சிட்டேன்னு நெனச்சித்தான் கத்தினேன். அப்பறம்தான் ஒறச்சுது. அதுக்குள்ள எல்லாரும் ஓடியாந்து மேல வுழுந்துட்டாங்க."

தணிகாசலம் வாளியைக் கீழே வைத்தார். "ஜொரம்னு படுத்துக்க. ரகுபதிகிட்ட நான் சொல்லிக்கிறேன். அம்மன் எதிர்ல பொய்யோட நிக்காத. ஊருக்கும் தெரிய வேணாம்."

"ஜொரம் மட்டும் பொய் இல்லியா?"

"வாய மூட்றா."

கோயிலில் அவர் ரகுபதியிடம் ஜுரத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வசந்த் வெள்ளை வேட்டியில் வந்து நின்றான். பூசாரி பட்டுத்துணியை எடுத்தார். வசந்த் ஓர் அடி பின்னால் போனான்.

"வேணாம் சாமி. அந்த கேட்ச நான் புடிக்கல. தரையில பட்டுத்தான் வந்துது."

மேளம் நின்றது. படம் எடுக்க ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்திருந்த பத்திரிகைக்காரர் பேனாவை எடுத்தார்.

"இன்னாண்ணா இது? ஜெயிச்ச ஆட்டத்த வூட்டாண்ட வந்து தோத்துட்டானே உம்புள்ள!" என்றார் ரகுபதி.

செய்தி வெளிவந்ததும் கிரிக்கெட் வாரியம் சில ஆட்டங்களுக்கு அவனைத் தடை செய்தது. அவன் இடத்துக்கு வந்த பையன் நன்றாக ஆடினான், நிலைத்துவிட்டான். வசந்தை மறுபடி கூப்பிடவில்லை. அவன் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து அதன் அணிக்கு ஆடினான்.

திட்டிய ஊர் மெல்ல மாறியது. "என்னா வளர்ப்புய்யா!" என்று வந்தவர்கள் தணிகாசலத்தின் கையைப் பிடித்தார்கள். முதலில் பேசாமல் இருந்தார். பிறகு ஒருநாள், "மறைக்காம சொல்லுடான்னேன், சொல்ட்டான்" என்று வாயில் வந்தது. அதன்பின் அதுவே வழக்கமாயிற்று. அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் மனைவி பாஞ்சாலி அடுப்பங்கரையில் பாத்திரத்தை ஓசையோடு வைப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத்திலிருந்து சங்கரநாராயணன் என்ற பள்ளித் தாளாளர் வந்தார். ஆண்டுவிழாவுக்குத் தணிகாசலம்தான் தலைமை தாங்க வேண்டும் என்றார். தணிகாசலம் வழக்கமானதைச் சொன்னார். வந்தவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த வசந்த் எச்சில் கையோடு எழுந்து வந்தான். "அப்பா, டீமு போச்சு. போவட்டும். சொன்னது நானு. அதயாவது என்கிட்ட வுட்டு வைங்க."

தணிகாசலம் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.

"புடிக்காத கேட்சுக்கு அவன் கத்தினது ஒருநாளு. நீங்க தெனம் கத்தறீங்க" என்றாள் பாஞ்சாலி.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பஸ் நிறுத்தத்தில் சங்கரநாராயணன் நின்றிருந்தார்.

"ஐயா, வூட்ல ஒண்ணு தப்பா சொல்ட்டேன். அவன ஜொரம்னு படுக்கச் சொன்னவன் நானு. அவனாத்தான் வந்து சொன்னான்."

"சரிங்க... அப்ப விழாவுக்குத் தலைமை?"

"அவனக் கூப்புடுங்க. வூட்லதான் கீறான்."

"வருவாரா?"

"அத அவனத்தான் கேக்கணும். அவனுக்காவ நான் பேச மாட்டேன்."