நாடீனுக்காக ஒரு விண்ணப்பம்

செய்தியை அனுப்பிவிட்டுப் போனை மேசைமேல் வைத்த பிறகுதான் வெல்டாவுக்குச் சுருக்கென்றது. சபைப் பெண்களின் ஜெபக் குழுவுக்குப் போக வேண்டியது, பக்கத்து வீட்டு நாடீனுக்கே போயிருந்தது. நாளைக்குத் துல்சா ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று காலையிலிருந்து அவளோடுதான் பேச்சு. அவள் பெயர் மேலே நின்றது. விரல் அதைத் தொட்டுவிட்டது.

'சகோதரிகளே, நாடீனுக்காக ஜெபியுங்கள். நுரையீரலில் கட்டி இருக்கிறது. ஆண்டவர் இதைக் கொண்டு அவள் இருதயத்தைப் பதமாக்கிக்கொண்டு வருகிறார். அறுவடை நெருங்கிவிட்டது.'

எப்படி அழிப்பது என்று தேடுவதற்குள், படித்தாயிற்று என்று திரை காட்டியது.

ஆறு வருடமாக நாடீன் கதவைத் தட்டிவிட்டு வந்ததில்லை. இன்று தட்டினாள்.

"உள்ள வா, நாடீன்."

"வரல. ஒரு சந்தேகம், கேட்டுட்டுப் போறேன். முப்பது வருஷம் தானியக் கிடங்குல கோதுமை எடை போட்டவ நான். அறுவடைன்னா எனக்குத் தெரிஞ்சது கதிரோட கழுத்த அறுக்கிறது. உங்க சபையில வேற அர்த்தமா?"

"அது நாங்க பேசுற பாஷைடி. உன் ஆத்துமாவச் சொன்னேன்."

"அப்ப நுரையீரல்?"

"அதுக்காகவும்தான் ஜெபிக்கச் சொல்லியிருக்கேன்."

"எங்க சொல்லியிருக்க? நாலு தரம் படிச்சேன். கட்டி இருக்குன்னு இருக்கு. கட்டி கரையணும்னு ஒரு வார்த்தை இல்லையே."

வெல்டா மனத்துக்குள் வரிவரியாய்ப் படித்துப் பார்த்தாள். இல்லைதான். சுகத்துக்காகவும் கேட்டதாகவே இதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள்.

"பதமாகுறாளாம்! நான் என்ன அடுப்புல வேகற பீன்ஸா, மூடியத் திறந்து திறந்து நசுக்கிப் பாக்க? ஆறு வருஷமா அதத்தான் பண்ணிட்டிருந்தியா?"

வெல்டாவுக்கும் கோபம் வந்தது. "வாய்க்கு வந்ததப் பேசாத. உன் வீட்டுக்காரர் செத்தப்ப மூணு நாள் உன் சோபாவுல படுத்துக் கிடந்தது யாரு? சூறாவளிச் சங்கு ஊதினப்பல்லாம் உன்ன இழுத்துட்டுப் போயி எங்க நிலவறையில உக்கார வச்சது யாரு?"

"நீதான் தாயே. மேல வீடு இருக்கா பறந்துடுச்சான்னு தெரியாம நான் நடுங்கிட்டிருக்கும்போது, 'இப்ப செத்தா நீ எங்க போவே'ன்னு கேட்டதும் நீதான். எந்திரிச்சுப் போக வழியில்லாத இடமாப் பாத்துக் கேக்கற ஆளு."

வலைக்கதவைக் காற்று படபடவென்று அடித்தது. நாடீன் அதைக் காலால் முட்டுக்கொடுத்து நிறுத்தினாள். அவள் குரல் இறங்கியது.

"உண்மையச் சொல்லு. அன்னிக்கு நான் கட்டின்னு சொன்னதும் உனக்குச் சந்தோஷமா இருந்துச்சா?"

இல்லை என்று சொல்லத்தான் வெல்டா வாயைத் திறந்தாள். அன்றைக்கு நாடீனின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், கண்ணீர்கூட வந்தது. ஆனால் அந்தக் கண்ணீருக்கு அடியில் ஏதோ ஒன்று துள்ளியது. நெடுநேரம் அசையாத தூண்டில் தக்கை சட்டென்று அமுங்கும்போது மனசு துள்ளுமே, அது. வீட்டுக்கு வந்ததும் அதற்கு ஸ்தோத்திரம் என்று பெயர் வைத்து முழங்காலில் நின்றாள். மூழ்குகிறவள் கடைசியில் வாய்விட்டுக் கூப்பிட்டால் கரையில் நிற்பவளுக்குச் சந்தோஷம் வராதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பொய் இல்லை. தக்கையும் பொய் இல்லை.

"ஆமா," என்றாள். "ஒரு நொடி."

நாடீன் தலையை ஆட்டினாள். "உன் வாயிலேருந்து எத்தனையோ சாட்சி கேட்டிருக்கேன். நம்புற மாதிரி சொன்னது இது ஒண்ணுதான்."

"நாடீன், நீ நரகத்துக்குப் போயிடுவேன்னு நான் நிஜமா நம்புறேன். நம்பிட்டு, பேசாம காபி குடிச்சிட்டுப் போன்னா என்னால எப்படிடி முடியும்?"

"நம்பிக்கோ. ஆனா என் கட்டிக்கு உங்க ஆண்டவர்கிட்ட நன்றி சொல்லாத."

வெல்டாவால் சரி என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் அதுவும் நடிப்பாகிவிடும் என்று பட்டது. "நாளைக்கு..." என்று இழுத்தாள்.

"வேற ஆள் இருந்தா உன் முகத்துலயே முழிக்க மாட்டேன். மகன் அலாஸ்காவுல. கூட ஆள் இல்லாம கட்டியில ஊசி குத்திப் பாக்க மாட்டோம்னுட்டாங்க. ஆறு மணிக்கு வரேன்."

மறுநாள் சொன்னபடி வந்தாள். வெல்டா காரின் முன்கதவைத் திறந்துவிட்டாள். நாடீன் அதைச் சாத்திவிட்டுப் பின்சீட்டில் ஏறி, டாக்ஸிக்காரனிடம் சொல்வதுபோல, "போலாம்," என்றாள்.

இருபுறமும் கோதுமைக் காடு. ஆண்டவரே, அது ஒன்றுமில்லாத கட்டியாக இருக்கட்டும் என்று வெல்டா மனத்துக்குள் தொடங்கினாள். 'இருக்கட்டும்' முடிவதற்குள், 'ஆனாலும் அவள் உம்மிடம் வருவதற்கு அதுதான் வழியென்றால்' என்று ஒரு வால் முளைத்தது. அழித்துவிட்டு மறுபடி தொடங்கினாள். மறுபடி முளைத்தது. வாலில்லாமல் அவளுக்கு ஜெபிக்கத் தெரியவில்லை. இருபது வருடமாக வகுப்பெடுத்துப் பிறருக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவள், வெறும் 'இருக்கட்டும்' என்பதோடு நிறுத்துவதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

"உதடு அசையுது," என்றாள் நாடீன் பின்னாலிருந்து.

வெல்டா கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னப் பாக்காத. ரோட்டப் பாத்து ஓட்டு."