இங்கே வசிப்பதில்லை

அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்கத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். ஓட்டர் லிஸ்ட் வேலையையும் சேர்த்துத் தலையில் கட்டிவிட்டார்கள். பூத் லெவல் ஆபீசர் என்று பெயர். கேட்க என்னவோ கம்பீரமாகத்தான் இருக்கிறது. திருப்பதி வெயிலில் ஆயிரத்து நூறு ஓட்டுக்கு வீடு வீடாக ஏறி இறங்கினால் அந்தக் கம்பீரம் எவ்வளவு என்று தெரியும். யார் செத்தார்கள், யாருக்குப் பதினெட்டு ஆனது, யார் வீட்டைக் காலி செய்தார்கள் என்று எழுதி எழுதி எனக்கு மனுஷ முகமே மறந்து போகிறது.

என் பூத்தில் ஒரு சந்து இருக்கிறது. முப்பத்தோரு வீடு. நாகலாபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்து லாட்ஜிலும் கட்டட வேலையிலும் பிழைக்கிற தமிழ்க் குடும்பங்கள். வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. ஒருத்தருக்கும் இங்கே ஓட்டு கிடையாது. ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரான சர்பஞ்சுக்கு எலெக்‌ஷன் வந்தால் ஊரிலிருந்து வேன் வரும். ஏறிப்போய் ஓட்டுப் போட்டு, பிரியாணி தின்றுவிட்டு வருவார்கள். இங்கே கார்ப்பரேஷன் எலெக்‌ஷன் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவார்கள். ஓட்டை இங்கே மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மணியம்மா மட்டும் தானாகத் தேடி வந்தாள். ஐம்பது வயதிருக்கும். லாட்ஜில் பெருக்கித் துடைக்கிற வேலை. விடிவதற்கு முன்னால் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு. போன மழையில் சாக்கடைத் தண்ணீர் அவள் வீட்டுக்குள் புகுந்து அரிசி டின்னையே மிதக்க விட்டுவிட்டது. வார்டு கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறாள். அவர் போனில் லிஸ்டைத் தேடிப் பார்த்துவிட்டு, உன் பேரே இந்த வார்டில் இல்லை, உங்கள் ஊர் சர்பஞ்சிடம் போய்க் கேள் என்று அனுப்பிவிட்டாராம்.

"ஊர்ல கீற சர்பஞ்சா இங்க வந்து என் சாக்கடைய அள்ளுவாரு? நீயே சொல்லு டீச்சரம்மா," என்றாள். "ஒரு வாட்டி இங்க ஓட்டுப் போட்டுட்றேன். அப்பால போய்க் கேக்கறேன். இந்தா, உனக்குத்தான் போட்டேன், இப்ப இன்னா சொல்ற நீன்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது. உட்கார வைத்து விவரம் சொன்னேன். வார்டு லிஸ்ட் என்று தனியாக எதுவும் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. சட்டசபை லிஸ்டில் இந்த முகவரிக்குப் பெயர் வந்தால்தான் அது வார்டு லிஸ்டுக்கும் வரும். புதிதாகச் சேர்வதற்கு ஆறாம் நம்பர் ஃபாரம். அவளுக்கு ஊரில் ஏற்கெனவே ஓட்டு இருப்பதால் எட்டாம் நம்பர். அதைப் போட்டால் ஊரில் எடுத்துவிட்டு இங்கே சேர்ப்பார்கள். இரண்டு இடத்தில் வைத்துக்கொண்டால் தப்பு, கேஸ் ஆகும்.

இந்த முகவரிக்கு அத்தாட்சி வேண்டும் என்றதும் மூன்று நாள் அலைந்தாள். ஆதாரில் ஊர் முகவரி. கரெண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில். வாடகைப் பத்திரம் கேட்டால் வீட்டுக்காரர், அதை வைத்து வீட்டைப் பிடுங்கிக்கொள்வாயா என்று கத்தியிருக்கிறார். கடைசியில் இந்த முகவரியில் அவள் பெயரிலேயே இருந்த சமையல் கேஸ் புக் கிடைத்தது. அதைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு ஒரு சாயங்காலம் வந்தாள். கூடவே புருஷன் துலுக்காணம். மேஸ்திரி வேலையில் இடுப்பு ஒடிந்து நாலு வருஷமாக வீட்டில் இருப்பவர்.

"வேணாம் டீச்சரம்மா," என்றார் அவர். "ஊர்ல பேர எடுத்துட்டா அந்த ரெண்டு சென்ட் பட்டாவும் போய்டும். செத்தா பொதைக்கக்கூட எடம் வுட மாட்டானுங்க. அந்தச் சுடுகாட்டுக்கே எங்க நைனா காலத்துல எவ்ளோ சண்ட தெரியுமா?"

"பட்டாவுக்கும் ஓட்டுக்கும் சம்பந்தமே இல்லண்ணா. சுடுகாட்டுக்கும் இல்ல," என்றேன்.

"உனக்குத் தெரியாது, சும்மா இரு."

மணியம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. "செத்த அப்பால எங்கனா போடு. உசுரோட நாத்தத்துல கீறேனே, அதுக்கு இன்னா சொல்ற?" என்றாள். ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டாள். போன் நம்பருக்கு மட்டும் அவருடைய நம்பரைக் கொடுத்தாள். அவளிடம் போன் இல்லை.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

ஃபாரம் ஏற்றினால் மட்டும் போதாது. பூத் ஆபீசர் நேரில் போய், ஆள் அங்கே வசிக்கிறாளா என்று பார்த்து ரிப்போர்ட் போட வேண்டும். அப்படிப் பார்க்கப் போன அன்றைக்கு என்னிடம் அறுபத்துமூன்று வீடு இருந்தது. பகல் பன்னிரண்டு மணி. சூப்பர்வைசர் முரளிதரன் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போன் போட்டு, எத்தனை முடிந்தது, எத்தனை முடிந்தது என்று உயிரை வாங்கினார். மணியம்மா வீட்டுக் கதவைத் தட்டினேன். துலுக்காணம்தான் வந்தார்.

"அவ ஊருக்குப் போய்ட்டா. எங்க அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, பாத்துக்கினு அங்கியே இருந்துக்குவா. இனிமே வர மாட்டா."

உள்ளே கொடியில் அவளுடைய லாட்ஜ் யூனிஃபார்ம் புடவை ஒன்று காய்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்த்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். லாட்ஜ் அங்கிருந்து அரை கிலோமீட்டர்கூட இல்லை. கால் வலித்தது. போன் மறுபடியும் அடித்தது. ஆப்பில் 'இங்கே வசிப்பதில்லை' என்று இருந்ததைத் தொட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். வீட்டுக்கு வந்து சோறு தின்றுவிட்டுப் படுத்தேன், மறந்தும் போனேன்.

கார்ப்பரேஷன் எலெக்‌ஷன் அன்று ஸ்கூல் வாசலில் ஷாமியானா போட்டு, எனக்கு ஒரு மேஜை கொடுத்திருந்தார்கள். பாகம் நம்பர், வரிசை நம்பர் பார்த்துச் சொல்லும் வேலை. ஒன்பது மணிக்கு மணியம்மா வந்தாள். லாட்ஜுக்கு லீவு சொல்லியிருக்கிறாள். தலைக்குக் குளித்து, பச்சைப் புடவை கட்டி, பூ வைத்திருந்தாள். கையில் பழைய ஓட்டர் கார்டு.

"எந்த ரூமு டீச்சரம்மா?"

லிஸ்டைப் புரட்டினேன். இல்லை. இன்னொரு தரம் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் க்யூ நீண்டது.

"கார்டுதான் கீதே," என்று நீட்டினாள்.

"கார்டு இருந்தா பத்தாதுக்கா. லிஸ்ட்ல பேர் இருக்கணும்."

போனில் அவள் ஃபாரத்தைத் தேடி எடுத்தேன். நிராகரிக்கப்பட்டது. காரணம், இங்கே வசிப்பதில்லை. கீழே ரிப்போர்ட் கொடுத்தவர் என்ற இடத்தில் ஹரிதா என்று என் பெயர். மெசேஜ் எல்லாம் துலுக்காணத்தின் போனுக்குப் போயிருக்கும், அவர் வாயே திறந்திருக்க மாட்டார்.

பக்கத்து நாற்காலியில் இருந்த முரளிதரன் எட்டிப் பார்த்தார். பார்த்ததும் புரிந்துவிட்டது அவருக்கு. "சிஸ்டம் ப்ராப்ளம்னு சொல்லி அனுப்புங்க மேடம். வம்ப வெலைக்கு வாங்காதீங்க," என்று முணுமுணுத்தார்.

சொல்லியிருக்கலாம். தினமும் பத்துப் பேரிடம் அதைத்தான் சொல்கிறோம், யாரும் திருப்பிக் கேட்பதில்லை. ஆனால் அவள் இடது கையை மேஜை மேல் விரித்து வைத்திருந்தாள், இங்க்கை நானே வைத்துவிடுவேன் என்பது போல. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"சிஸ்டம் இல்லக்கா, நான்தான்," என்றேன். "நீ இங்க இல்லன்னு நான்தான் எழுதினேன். செக் பண்ண வந்தப்ப நீ வேலைக்குப் போயிருந்த. உன் ஊட்டுக்காரரு, நீ ஊரோட போய்ட்டேன்னு சொன்னாரு. நான் எழுதிட்டேன்."

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். க்யூவில் இருந்தவர்கள் நகருங்கள் நகருங்கள் என்றார்கள். அவள் நகரவில்லை. துலுக்காணத்தின் மேல் அவளுக்குக் கோபம் வந்ததாகவே தெரியவில்லை. அவர் அப்படித்தான் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். என்னையே பார்த்தாள்.

"நான் இங்க கீறனா இல்லியான்னு," என்றாள் மெதுவாக, "நீயுமா அவரப் போய்க் கேட்ட?"

விரித்திருந்த கையை மேஜையிலிருந்து எடுத்துக்கொண்டு, லாட்ஜ் இருக்கும் பக்கம் நடந்தாள். அரை நாள் கூலியாவது மிஞ்சும்.