தடித்த புத்தகம்

பொம்மைச் சிப்பாய்களை மேசையில் நிறுத்தி ஆடும் பெரிய போர் ஆட்டத்துக்கு, மெல்லியது, தடித்தது என்ற இரண்டில் எந்த விதிப்புத்தகம் என்று முடிவு செய்யக் கூடினோம். பிடித்த புத்தகத்தின் மேல் ஆளுக்கொரு பொம்மைச் சிப்பாயை வைப்பதுதான் எங்கள் ஓட்டு. மெல்லிய புத்தகத்தை, நாற்பது வயதில் கற்ற எழுத்தைக் கூட்டிக் கூட்டி, மூட்டை தூக்கிய களைப்போடு நாலு மாதத்தில் படித்து முடித்திருந்தேன். என் மனைவியின் தம்பியும் அதற்கே வைப்பதாகச் சத்தியம் செய்திருந்தான். இரண்டுக்கும் ஓட்டு சமமாக நின்றபோது, கடைசியாக அவன் முறை வந்தது. தடித்ததன் மேல் வைத்தான்.

"என்னடா மாப்ளே இது?"

"பெரிய சண்டைக்கு இதுதான் சரி மாமா. உங்களுக்கென்ன, பகடையை உருட்டுங்க. வழக்கம்போல நான் படிச்சுச் சொல்றேன்."

எல்லாரும் சிரித்தார்கள்.

"நீ படிச்சுச் சொன்ன ஆட்டத்துல நான் ஒண்ணுகூட ஜெயிச்சதில்லையேடா" என்றேன்.

அவன் தலை நிமிராமல் தடித்த புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.