பதினெட்டு மில்லிமீட்டர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லத் தைரியம் வராது. ஒரு பெண்ணின் கண்ணீரைத் தப்பாக அளந்தேன். அதிலிருந்து வந்தது.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "கொல்லிமலையின் மிளகுக்கொடிகள் மேல் பனி இறங்கிய காலையில், டெக்னீஷியன் தேவராஜ்..." அடித்துவிட்டேன். அன்று பனி இல்லை, சுள்ளென்று வெயில். தேவராஜ் என்றும் யாரும் இல்லை. கண் முகாமுக்குப் போன டெக்னீஷியன் நான்தான். பழியைப் போட ஓர் ஆள் தேவைப்பட்டான், அவ்வளவுதான்.

2

கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு; அப்படியான திண்ணனூர் நாட்டில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் முகாம். மயிலாத்தாள் வந்தாள். [வந்தார். அன்று கொடுக்காத மரியாதையை இங்கேயாவது கொடுக்கிறேன்.] ஐம்பது வயதிருக்கும், மரவள்ளிக் காடு வைத்திருப்பவர். பின்னாலேயே அவருடைய நாத்தனார் பெருமாயி.

"கண்ணுல மண்ணு உழுந்தாப்ல உறுத்துதுங்க சார். எங்க ஊட்டுக்காரரு செத்த அன்னைக்கும் ஒரு சொட்டு வரலீங்க. கல்நெஞ்சுக்காரின்னு ஊரே பேசுதுங்க. கண்ணுல தண்ணி இருக்குதா இல்லியான்னு பாத்துச் சொல்லுங்க."

பெருமாயி காதில் விழும்படி ஒரு பதில் வேண்டும். அதற்காகத்தான் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

3

[பரிசோதனை எளியதுதான். கண் மரத்துப்போக ஒரு சொட்டு மருந்து விட்டு, இமைக்குள் தேங்கிய ஈரத்தைப் பஞ்சால் ஒற்றியெடுத்து, கீழ் இமையில் கோடு போட்ட காகிதப் பட்டையை மாட்ட வேண்டும். ஐந்து நிமிடத்தில் ஐந்து மில்லிமீட்டர்கூட நனையாவிட்டால் அது வறண்ட கண்.]

நான் ஒற்றவில்லை. வரிசை நீளமாக இருந்தது, சோறு ஆறிக்கொண்டிருந்தது, அது போக... (இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். எல்லாம் சாக்கு.)

பட்டை பதினெட்டு வரை நனைந்திருந்தது. நனைத்தது நான் விட்ட மருந்து.

"கண்ணீரெல்லாம் தாராளமா இருக்குதும்மா, ஊரே நனையற மாதிரி அழுகலாம்" என்றேன். வராந்தாவே சிரித்தது.

பெருமாயி சிரிக்கவில்லை. "கேட்டுக்கிட்டயா? காயிதமே சொல்லிப்போடுச்சு" என்றார். மயிலாத்தாள் நான் முடிவு எழுதிய சீட்டை வாங்கி மடித்துக்கொண்டு படியிறங்கினார்.

4

அடுத்தவர் கண்ணில் மருந்து விடும்போதுதான் உறைத்தது. பஞ்சுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. கூப்பிட்டிருக்கலாம், மயிலாத்தாள் ரோட்டைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. கூப்பிட்டால் முகாம் டாக்டருக்குத் தெரிந்துவிடும், சிரித்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். பஞ்சைப் பிரித்தேன். அடுத்தவருக்கு எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். எழுதும்போதே கூசுகிறது.

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், மறுநாளே பஸ் ஏறிப் போய், பெருமாயி முன்னால் மறுபடி அளந்து, இரண்டு மில்லிமீட்டர் என்று உரக்கச் சொல்கிறேன். இன்னொன்றில் மயிலாத்தாளே என்னை மன்னிக்கிறார். மூன்றாவதில்... வேண்டாம், அதில் நான் அழுகிறேன்.

நடந்தது இது. நான்கு மாதம் கழித்து, பதிவேட்டில் இருந்த எண்ணுக்கு அழைத்தேன். உண்மையைச் சொல்லத்தான் அழைத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"முகாம் சாருங்களா? நல்லாருக்கறீங்களா சாமி? நீங்க சொன்னதுக்கப்பறம் நானும் ரோசன பண்ணிப் பாத்தனுங்க. தண்ணி இருந்தும் வரலீன்னா, எனக்கு அவரு மேல பாசமே இருந்ததில்லீங்க போல. முப்பது வருசம் கூட இருந்தும் எனக்கே தெரியாமப் போச்சுங்க."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். "கண்ணு உறுத்தல் எப்படிம்மா இருக்குது?" என்றுதான் வந்தது.

"அது கெடக்குதுங்க" என்றார். போனை வைத்துவிட்டேன்.

6

எண் இன்னும் என்னிடம் இருக்கிறது. அடுத்த முறை சொல்ல வேண்டியதை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் சொல்லிவிட்டதாகவே நினைத்துக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும். நீங்கள் எழுதுங்கள். கதைக்கு அழகாக வேண்டாம், அவருக்குப் புரிந்தால் போதும். தொடக்கம் மட்டும் தருகிறேன்:

"அம்மா, அன்னைக்கு நான்...