ஐஸ்காரனுக்குப் போர்வை

கிராண்ட்பாஸ் ஐஸ் கம்பனியில் நாற்பது வருஷம் வேலைக்கு நின்றவர் ஷரீப். ஒருநாள் குளிரறையில் அவர் போட்ட தும்மல் ஐஸ் கட்டிக்குள் உறைந்துபோய், மூன்றாம் நாள் பாமன்கடை மீன்காரர் கட்டியை உடைத்தபோதுதான் சத்தம் கேட்டதாம். மனிதர் மரியாதையாக, தும்மினவருக்குச் சொல்லும் ‘யர்ஹமுகல்லாஹ்’ என்று பதிலும் சொன்னாராம். குளிர் சோம்பேறிகளின் வியாதி என்பது ஷரீபின் கட்சி.

எழுபத்தாறு வயதில் ஹேர்னியா ஒப்பரேஷனுக்காக வெள்ளவத்தையில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். தாதி ஜீவராணி, சூடான காற்று ஊதும் குழாய் பொருத்திய போர்வையோடு வந்தாள்.

“எனக்கு வாணாம் மகள். நான் ஐஸ்காரன்.”

“ஐஸ்காரனோ பாண்காரனோ, கால் மரக்க முதுகில ஊசி போட்டா உடம்புச் சூடு இறங்கிடும் அங்கிள். வயசான ஆக்களுக்கு நடுக்கம் வந்தா நெஞ்சுக்குக் கஷ்டம். அதான் முதலே அரை மணித்தியாலம் சூடாக்கிறம். சேலைனையும் சூடாக்கித்தான் ஏத்துவம்.”

அவள் போர்த்திவிட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவர் மனைவி ஸமீமாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தபோதும் இதே ஊசிதான். அந்த வார்டில் இப்படிப் போர்வை ஒன்றே ஒன்று இருந்தது. தாதி அதைக் கொண்டுவர, ஸமீமா கை நீட்டினாள். இவர்தான் நடுவில் புகுந்தார்.

“ஐஸ்காரன்ட பொஞ்சாதிக்கு என்னத்துக்குப் போர்வ? அடுத்த கட்டிலுக்குக் குடுங்க!”

சொல்லிவிட்டுச் சிரித்தார். வார்டே சிரித்தது. ஸமீமா கையை மடக்கிக்கொண்டாள்.

ஒப்பரேஷன் முடிந்து வந்தவளின் கட்டில் கடகடவென்று ஆடியது. பல் அடித்ததில் ‘குளிருது’ என்று சொல்ல அவளுக்கு மூன்று தடவை எடுத்தது. “கட்டிலுக்குப் பேய் புடிச்சிட்டு,” என்று அதற்கும் ஒரு பகிடி விட்டார். போன நோன்புக்கு முன் கண்ணை மூடி மௌத்தாகும்வரை அவள் அந்தச் சொல்லை அவரிடம் மறுபடி சொல்லவில்லை.

இப்போது போர்வை உப்பியது. சுட்ட ரொட்டியைத் துணியில் சுற்றி வைத்ததுபோல உடம்பெல்லாம் இதமான சூடு.

தியேட்டரில் ஊசி போட்டார்கள். கால் மரத்தது. நடுக்கம் வரும் என்று காத்திருந்தார். வந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வரவில்லை. அன்று வார்டில் சிரித்த சிரிப்புத்தான், இவ்வளவு காலம் எங்கோ உறைந்து கிடந்துவிட்டு, இப்போது உருகிக் காதில் விழுந்தது. பதில் சொல்ல மீன்காரர் இல்லை.

கூட வந்திருந்த ஜீவராணி அவர் கண்ணைப் பார்த்துவிட்டாள். “குளிருதா அங்கிள்?”

“இல்ல மகள். போர்வையால சூடாக்க அரை மணித்தியாலந்தானே எடுத்த?”

“ஓம்.”

“அவ்வளவுதானா,” என்றார் ஷரீப்.