பூக்குழித் தழும்பு

செல்லப்பனின் வலது காலில், கணுக்காலுக்குக் கீழே உட்பக்கமாக, பாதி வெற்றிலை அளவுக்கு ஒரு தீத்தழும்பு. லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அம்மன் திருவிழாவில் பூ மிதித்தபோது ஒரு கங்கு அங்கே ஒட்டிக்கொண்டது. அன்று மொத்தம் பதினோரு பேர் குழி இறங்கினார்கள். பத்துப் பேர் பாலில் கால் நனைத்துவிட்டு நடந்து போனார்கள். இவனை மட்டும் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

கால் சுட்டால் விரதம் கெட்டவன். தோட்டத்தில் இதற்கு மேல் விசாரணை கிடையாது.

நேர்த்திக்கடன் மகள் செல்வராணிக்காக. நான்கு வயது, குளிர்காய்ச்சலில் போகப்போகிறாள் என்று இருந்து பிழைத்தவள். ஆகவே அவன் மனைவி தனலெட்சுமிக்குப் புருஷன் யோக்கியனா என்பது பெரிய விஷயமில்லை. கடன் தீர்ந்ததா, இல்லை அம்மன் பிள்ளையைத் திருப்பிக் கேட்பாளா? அவளுக்கு அதுதான் தெரிய வேண்டும்.

"என்ன பண்ணினீங்க? சொன்னாத்தானே பரிகாரம் செய்யலாம்."

"ஒண்ணும் பண்ணலை."

"ஒண்ணும் பண்ணாமலா சுட்டுச்சு?"

காப்புக் கட்டிய பத்து நாளையும் அவன் மனதில் உதறிப் பார்த்தான். ஏழாம் நாள் சீனன் வீட்டுப் பன்றிக்கறி வாசனைக்கு நாக்கில் நீர் ஊறியது. அதுகூடக் கணக்கில் வருமா?

தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட டிரசர் ரபேல் வேதக்காரர். "நெருப்புன்னா சுடும், செல்லப்பா. அதுக்கு வேற வேலை தெரியாது" என்றார்.

"அப்ப மத்த பத்துப் பேரை ஏன் சுடலைங்க?"

ரபேல் துணியை இறுக்கி முடிச்சுப் போட்டார். "அது உங்க கோயில் சமாச்சாரம்பா."

புண் ஆறியது. தழும்பு கறுத்து, ஓரம் சிவந்து, வெயிலில் அரித்தது. தனலெட்சுமி தினமும் சாயங்காலம் கத்தாழையைப் பிளந்து கழுவி, தேங்காயெண்ணெயோடு சேர்த்துத் தேய்த்துவிடுவாள். கை நன்றாகத்தான் தேய்க்கும். முகத்தை மட்டும் பார்க்கமாட்டாள். "குறையலை" என்று சொல்லிவிட்டு எழுந்துபோவாள்.

மூன்றாம் மாதம் பிள்ளைக்கு மறுபடி உடம்பு சுட்டது. அன்றைக்குத் தேய்க்க உட்கார்ந்தவளிடம் அவன் சொன்னான்: "நாலாம் நாள் கள்ளு குடிச்சேன்."

பொய். பெண் விவகாரம் என்றால் இன்னொருத்தியின் பெயரை இழுக்க வேண்டும். கள்ளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

அவள் கை நின்றது. "எவ்வளவு?"

"ரெண்டு மங்கு."

தலைச்சுமையை இறக்கி வைத்தவளைப் போல அவள் மூச்சு விட்டாள். வெகு நாளைக்குப் பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

பூசாரி வீரமுத்து மூன்று வெள்ளிக்கிழமை குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து கோயிலைக் கழுவச் சொன்னார். முதல் வெள்ளி முடிந்த மறுநாளே பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. தழும்பின் சிவப்பும் வெளுக்கத் தொடங்கியது.

மூன்றாம் வெள்ளியன்று, அடுத்த லயத்துப் பால்வெட்டுக்காரன் அய்யாவு தானாக வந்து ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டான்.

"உனக்கு எதுக்குடா இது?"

"ஊத்திக் குடுத்தது நான்தானே மச்சான். பாவத்துல எனக்கும் பங்கு இருக்கில்ல."

"எப்ப ஊத்தின?"

"அலமாக், என்ன கேள்வி இது! நாலாம் நாள்தான். கள்ளுக்கடை வேலியோரம் உட்கார்ந்தோமே. உன் கையில மஞ்சக் கயித்தைப் பார்த்துட்டு வேணாம்னேன். நீதான் ஊத்துடான்னே."

செல்லப்பன் குடத்தைக் கீழே வைத்தான். அய்யாவு பொய் சொல்பவன் அல்ல. அதற்கு வேண்டிய சாமர்த்தியம் அவனுக்கு இல்லை. ஆனால் தினமும் குடிப்பவனுக்கு எந்த நாள் எந்த நாளோ.

அந்த நாலாம் நாள் இருட்டும்வரை செல்லப்பன் புகைக்கொட்டகையில் ரப்பர் தகடுகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு? வேலி தெரிந்தது. மங்குக் கிண்ணம் தெரிந்தது. விளிம்பில் ஒட்டியிருந்த நுரைகூடத் தெரிந்தது. இதெல்லாம் முன்பே தெரிந்ததா, அய்யாவு சொன்ன பிறகு தெரிகிறதா என்றுதான் புரியவில்லை.

அன்று சாயங்காலம் மனைவியிடம் கேட்டான்: "ஒருவேளை நான் குடிக்கலைன்னா?"

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" அவள் குரல் கடுத்தது. "காய்ச்சல் விட்டுச்சா இல்லையா?" பிறகு அவன் காலை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "பாருங்க, பாதிக்கு மேல மறைஞ்சிடுச்சு. ஆத்தா மன்னிச்சுட்டா."

எதை மன்னித்தாள் என்று கேட்க வாயெடுத்தான். காலை இழுத்துக்கொண்டான்.

அவள் உலை வைக்கப் போனதும், அவள் காலில் தேய்த்திருந்த கத்தாழையை வேட்டி முனையால் துடைத்தெடுத்தான். குடிக்காமலே சூடுபட்டவன் என்று சொல்ல அவனுக்கு இருந்தது இந்தத் தழும்பு ஒன்றுதான். கள்ளுக்கான பரிகாரத்தில் இது மறைந்தால் அவன் குடித்தவன். இருந்தால்? இருந்தால் என்ன என்று யோசிப்பதற்குள் உள்ளே செல்வராணி இருமினாள்.

ஒரே ஒரு இருமல். அடுப்புப் புகையாகவும் இருக்கலாம்.

இன்னொன்று வருமா என்று அவன் காது கொடுத்துக் காத்திருந்தான். வரவில்லை. அவள் விட்டுப்போன கத்தாழைத் துண்டை எடுத்தான். தழும்பின்மேல் வைத்து அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தான்.