ஏழாவது கட்டம்

விபத்து அறிக்கைப் படிவத்தின் ஏழாவது கட்டத்தில் அந்த வாக்கியத்தை நிர்வாகமே முன்கூட்டியே டைப் அடித்து வைத்திருந்தது: ‘ஒர்க்கர் ஹேட் டிஃபிகல்ட்டி ஃபாலோயிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்.’ சொன்னதைப் புரிந்துகொள்வதில் தொழிலாளிக்குச் சிரமம் இருந்தது. பெயரும் தேதியும் மாற்றினால் போதும். இந்த ஆண்டில் மூன்று முறை மாற்றியிருக்கிறேன். மூவரையும் இரண்டே வாரத்தில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நான்காவது பெயர் இளமாறன்.

காலையில், சிங்கப்பூரின் கிராஞ்சி பட்டறையில் நெடுநாள் மூடிக்கிடந்த இரும்புத் தொட்டிக்குள் துரு சுரண்ட இறங்கினார். தலைசுற்றி, ஏணியில் திரும்ப ஏறும்போது விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். இறங்குமுன் காற்றை அளந்தது நான். தொட்டியின் வாயில் மட்டும் அளந்தேன். அடிவரை எட்டும் மீட்டர்க் குழாய் உடைந்து பத்து நாளாகிறது. புதியது கேட்கக் கூச்சப்பட்டு ஒருமுறைதான் கேட்டிருந்தேன். அவரை வெளியே தூக்கிய பிறகு மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். இருபத்தொரு சதவீதம் இருக்க வேண்டிய ஆக்சிஜன் பதினான்கு. மீதியைத் துரு தின்றிருந்தது. வேதியியல் படித்தவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

மேலாளர் ரத்னவேல் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“என்னம்மா நஸீஹா, இன்னும் அனுப்பலையா? பேர மட்டும் மாத்து லா. இதுக்குப் போய் டிகிரி வேணுமா?”

“அவருக்குப் புரியாம இல்ல சார். மூச்சு விட முடியல.”

“அப்படி எழுதினா, காத்த யாரு அளந்தான்னு கேப்பாங்க. உன் கையெழுத்துதான் இருக்கு. யோசிச்சுக்க.” தேநீர் வாங்கப் போய்விட்டார்.

சாட்சித் தாளோடு வெளியே போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய இளமாறன் மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

“மேடம், நீங்க சொன்னது எல்லாம் புரிஞ்சுது. ‘மூணாவது படி ஆடும், பாத்து’ன்னீங்க, அதுகூட ஞாபகம் இருக்கு. புரியாதவன்னு மட்டும் எழுதிடாதீங்க.”

தாளை அவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். ‘ஹேட் டிஃபிகல்ட்டி’ வரைக்கும் விட்டுவிட்டு மீதியை அழித்தேன். ‘ப்ரீதிங்’ என்று அடித்தேன். மூச்சு விடுவதில் சிரமம். கீழே பதினான்கு என்ற அளவு. அதற்கும் கீழே, அடியில் அளக்காமல் அவரை இறக்கியது நான் என்று ஒரு வரி, என் முழுப் பெயர். மேலிடத்துக்கும் வாடிக்கையாளருக்கும் அனுப்பினேன்.

ரத்னவேல் தேநீர் ஊற்றிய பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டபடியே திரையைப் படித்தார். பை மேசையில் சொட்டியது.

“நான் சொன்ன இன்ஸ்ட்ரக்‌ஷன் உனக்குப் புரியலையா?”

“நல்லா புரிஞ்சுது சார்.”

கண்ணாடிக்கு அப்பால் இளமாறன் தாளை முழங்காலில் அழுத்திப் பிடித்து, இடது கையால் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். எழுத்துகள் கோட்டைத் தாண்டிச் சாய்ந்து போயின. அவர் நிறுத்தவில்லை.